மாஸ்டரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் முடிந்து ஊர் வழமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாட்களில், கல்முனையில் கடற்கரையோரமாக இருந்த ஒரு டியூஷன் கொட்டிலில்தான் இது தொடங்கியது. தகரக் கூரை, மணல் தரை, சில வரிசை வாங்குகள். கடைசி வாங்கில், மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு நடுவில், நரைத்த தாடியும் முன்னுக்குத் தள்ளிய வயிறுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவரைக் "கடைசி வாங்கு மாமா" என்பார்கள். அது நான்தான்.

நான் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். கொழும்புக் கொம்பனிக்காரர்கள் போன் எடுத்து இங்கிலிஸில் பொழிந்து தள்ளும்போது, மானத்தைக் காப்பாற்ற "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிச் சொன்ன ஒரு யெஸ்ஸுக்கு ஒரு லொறி நிறையக் கக்கூஸ் கொமட் வந்து இறங்கியது. கடைக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று அவை வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு, சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் "என்ன காக்கா, கூட்டம் ஏதும் வெச்சிரிக்கீங்களா? கதிரையெல்லாம் போட்டிரிக்கி" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே டியூஷனில் சேர்ந்துவிட்டேன்.

படிப்பித்தவர் என்னோடு பள்ளியில் படித்த கூட்டாளி. எனக்கு அவர் மச்சான், ஊருக்கு மாஸ்டர். இங்கே நானும் மாஸ்டர் என்றே எழுதுகிறேன்.

நீளமான இங்கிலிஸ் பெயர்ச்சொற்களை உடைத்துப் படிப்பிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. மேசையில் விரல் முட்டியால் தட்டுவார். ஓர் அசைக்கு ஒரு தட்டு. அழுத்தம் விழுகிற அசை வந்தால் மட்டும் உள்ளங்கையால் ஓர் அறை. அந்த அறைக்கு வெண்கட்டித் துண்டுகள் எழும்பிக் குதிக்கும். தூங்குகிற பிள்ளையும் எழும்பிக் குதிக்கும்.

"நீளமான சொல்லக் கண்டு பயப்புடாதீங்க புள்ளையள். தலையில தொடங்கினா தொலஞ்சீங்க. வால்ல புடிங்க. வால் என்ன எண்டு தெரிஞ்சா அடி எங்க உழும் எண்டு அது செல்லித் தரும்" என்பார்.

'இலெக்ட்ரிக்' என்ற சொல் தனியாக நிற்கும்போது பெரிய அடி 'லெக்'குக்கு. அதோடு 'இட்டி' என்ற வாலை ஒட்டிப் பெயர்ச்சொல் ஆக்கிவிட்டால் அந்த அடி அங்கே நிற்காது. வாலுக்கு முன்னால் இருக்கிற 'ட்ரி'க்கு நகர்ந்துவிடும். இ-லெக்-ட்ரி-சி-ட்டி. ஏன் நகர்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

"நம்மட ஊர்ல கலியாணம் முடிச்சா மாப்பிள பொண் ஊட்டுக்குத்தானே வாறாரு? வந்த அண்டைக்கு என்ன நடக்கிற? மாமனார் தான் இருந்த நல்ல கதிரய உட்டுப்போட்டு எழும்பி மத்தக் கதிரைக்குப் போறாரா இல்லையா? புது ஆள் ஊட்டுக்குள்ள வந்தா இருந்த ஆள் எடம் மாறத்தான் வேணும்."

எங்கள் ஊர் நாக்கைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. "நம்மட நாக்கு ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி பங்கு வெக்கிற நாக்கு. எல்லா அசைக்கும் சரிசமனா நிறுத்துக் குடுக்கும். இங்கிலிஸ்காரன் அப்பிடியில்ல. ஒருத்தனுக்கு ஈரல், மத்தவனுக்கு எலும்பு." என் நாக்கு இதிலும் சேராது. முதல் அசையிலேயே முழுப் பலத்தையும் இறக்கிவிட்டு மிச்ச அசைகளை மூச்சு வாங்கியபடி இழுத்துக்கொண்டு போகும். நான் வாய் திறந்தாலே மாஸ்டரின் உள்ளங்கை மேசையில் இறங்கும். "டேய் கொமட் முதலாளி! அடிய மாத்துடா!"

நான் சொல்லவந்த அந்த நாளில் கரும்பலகையில் இருந்ததும் அந்த இலெக்ட்ரிசிட்டிதான். மாஸ்டர் தட்டிச் சொன்னார், பிள்ளைகள் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சொன்னார், திருப்பிச் சொன்னார்கள். பிறகு, தட்டாமல் சொன்னார். பிள்ளைகள் சொன்னார்கள். மாஸ்டர் எங்களைப் பார்த்தபடி இன்னுமொரு தரம் சொன்னார். இன்னுமொரு தரம். கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. "இலெக்ட்ரிசிட்டி" என்றார், ஏதோ கேள்வி கேட்பது போல. வகுப்பு முழுவதும் அதே கேள்வித் தொனியில், உற்சாகமாக, "இலெக்ட்ரிசிட்டி?" என்றது.

அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியதைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் எங்களிடம் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்குகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நான் போய்ப் பிடிக்கவும் அவர் என் மேல் சாயவும் சரியாக இருந்தது. என் வயிற்றால் ஊருக்குக் கிடைத்த ஒரே நன்மை, அன்று அவர் தலை தரையில் அடிபடாமல் போனதுதான்.

மூளைக்குப் போகிற இரத்தம் அடைபட்டுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த அன்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சரியாகச் சொன்னால், ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "இலெக்ட்ரிசிட்டி." வலிக்கிறதா என்றால், "இலெக்ட்ரிசிட்டி." மனைவி காலைப் பிடித்துக்கொண்டு அழுதால் அவளைத் தேற்றுகிற குரலில், "இலெக்ட்ரிசிட்டி, இலெக்ட்ரிசிட்டி." முதல் நாள் தாதி ஒருவர் பாவம், கட்டிலுக்கு மேலே இருந்த ஃபேனைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு, கடைசியில் வயர் வேலை பார்க்கிற ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் ஏணியில் ஏறுவதை மாஸ்டர் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பிறகு சிரித்ததற்கு வெட்கமாகவும் இருக்கும்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று அங்கேயே இருந்தது. ஒரு நாள் அவருடைய மனைவி பக்கத்திலிருந்து குர்ஆனின் ஃபாத்திஹா சூரா ஓதத் தொடங்கினாள். மாஸ்டரும் சேர்ந்து ஓதினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆமீன் வரை ஓதினார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். சுகமாகிவிட்டது என்று நினைத்து, "மச்சான், என்னத் தெரியுதா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் நிறைந்து, "இலெக்ட்ரிசிட்டி" என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம் மிஸ் வருவார். கல்முனைத் தமிழ்ப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை. அவர்தான் விளக்கினார். மனப்பாடமாக ஓதுவதும் பாட்டும் மூளையில் வேறு வழியாக வருமாம். நினைத்ததைச் சொல்லுகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கிறதாம். "உள்ளுக்கு ஆள் முழுசா இருக்கிறார். சொல்லத் தொடங்கினா அந்த ஒரு சொல்லுதான் முந்திக்கொண்டு வருது. ஓம், இல்லை எண்டுறதும் அவருக்கு மாறிப்போகும், அதைப் பெரிசா எடுக்காதீங்க. இடக் கையால தட்டித் தட்டி, ஒவ்வொரு அசையா இழுத்துச் சொல்லப் பழக்கினா மெல்ல மெல்ல வழி திறக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். "மிஸ், இவருக்கா தட்டப் பழக்கப் போறீங்க?"

ஆனால் மாஸ்டர் தட்டச் சம்மதிக்கவில்லை. மிஸ் அவருடைய இடக் கையைப் பிடித்து "தண்-ணி" என்று தட்டினால் கையை உதறிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நாங்கள் யாராவது மேசையைத் தொட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறருக்குத் தட்டிக் கொடுத்த மனிதருக்கு, தன் சொந்தத் தண்ணீருக்குத் தட்டுவது வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் கலியாணப் பிரச்சினை வந்தது.

மாஸ்டருக்கு ஒரே மகள். வரிப்பத்தான்சேனையில் வெள்ளாமைக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை பேசி, மகளுக்கும் பிடித்து, மாஸ்டரே வாக்குக் கொடுத்து, வெள்ளாமை வெட்டி முடிந்ததும் நிக்காஹ் என்று தீர்மானமாகியிருந்தது. எங்கள் முறையில் நிக்காஹ் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் பெண்ணின் தகப்பன். தகப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் அந்த உரிமை அவரிடம் நிற்காது. பெண்ணுக்கு ஆண் சகோதரம் இல்லை, பாட்டனாரும் இல்லை. ஆகவே அது தகப்பனின் தம்பிக்குப் போகும்.

அந்தத் தம்பி கட்டார் நாட்டில் இருந்து வந்து இறங்கினார். கெட்டவர் அல்ல. காக்கா என்று கூப்பிடுகிற அண்ணனின் காலடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "காக்காட அறிவு போயிட்டு. இனி இந்தப் புள்ளைக்கு வாப்பா நான்தான். இப்ப ஒரு கலியாணமும் வேணாம். என்னோட கட்டார்ல இரிக்கிற இஞ்சினியர் பொடியன் ஒருத்தன் இரிக்கான், அவனுக்குப் பேசுவம். வயல்ல வரம்பு கட்டிற மாப்பிளய நம்பி இந்தக் குடும்பம் எப்பிடி நிமிர்ற?" என்றார்.

மகள் கதவோரமாக நின்றிருந்தாள். "சாச்சா, வாப்பாக்கு எல்லாம் வெளங்குது" என்றாள்.

"வெளங்குதா மகள்? வெளங்கின ஆளா சோத்தக் கண்டும் இலெக்ட்ரிசிட்டி, என்னக் கண்டும் இலெக்ட்ரிசிட்டி எண்டுற?"

அறிவு தெளிவாக இருக்கிறது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டினோம். அவர் அசையவில்லை. கடைசியில் கலியாணம் பதிகிற மௌலவியிடம் போனோம். நாங்கள் ஹஸ்ரத் என்று கூப்பிடுகிற அவர் அதிகம் பேச மாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "வாய் பேசேலாட்டிப் பரவால்ல. ஊமை மனுசனுக்கும் அந்த உரிமை இரிக்கி. வெளக்கம் இரிக்கா இல்லையா எண்டதுதான் கேள்வி. நான் வந்து பாக்கிறன்" என்றார்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்தார். முன்னறையில் மாஸ்டரைக் கைக்கதிரையில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. மனைவியும் மகளும் உள்ளறைக் கதவுத் திரைக்குப் பின்னால். தம்பி ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

ஹஸ்ரத் சலாம் சொன்னார். மாஸ்டர் அழகாகப் பதில் சலாம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. தம்பி, "அது மனப்பாடம் ஹஸ்ரத்" என்றார். உண்மைதான்.

"மாஸ்டர், ஒங்கட மகளுக்குப் பேசியிரிக்கிற மாப்பிள ஒங்களுக்குப் பொருத்தமா?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. "இலெக்ட்ரிசிட்டி" என்றார், தெளிவாக, மகிழ்ச்சியாக. பிறகு ஓம் என்று தலையையும் ஆட்டினார்.

தம்பி முன்னுக்கு வந்தார். "கோவிக்காதீங்க ஹஸ்ரத், நானும் ஒரு கேள்வி கேக்கிறன். காக்கா, நீங்க ஒரு பொம்புளையா?"

மாஸ்டர் அதற்கும் தலையை ஆட்டினார். ஆட்டிய அந்த நொடியிலேயே தான் செய்த பிழை அவருக்குத் தெரிந்துவிட்டது, கண்களில் தெரிந்தது. இல்லை என்று ஆட்டப் பார்த்தார், தலை மறுபடி ஓம் என்றே ஆடியது. "இலெக்ட்ரிசிட்டி! இலெக்ட்ரிசிட்டி!" திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. தம்பி வெற்றி பெற்றவர் மாதிரி நிற்கவில்லை. அவரும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹஸ்ரத் நிலத்தைப் பார்த்தார்.

மகளின் கலியாணம் எங்கள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் ஒரு வியாதி உண்டு: பெரிய மனிதர் முன்னால் இங்கிலிஸ் வந்துவிடும். மிஸ் சொன்னதை எல்லாம் இங்கிலிஸில் சொன்னால் எடுபடும் என்று எந்த ஷைத்தான் என் காதில் ஊதினானோ தெரியாது. எழும்பி நின்று, சாரனை இறுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஹஸ்ரத், திஸ் இஸ் ஒன்லி கொமியூனிகேஷன் புரொப்ளம்!" என்றேன். என் வழக்கப்படி 'கொ'வில் ஒரு யானையை ஏற்றியிருந்தேன்.

டொக் டொக் டொக் டமார் டொக்.

கதிரையின் கைப்பிடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். நாங்கள் எல்லோரும் திரும்பினோம். மாஸ்டரின் இடக் கை கைப்பிடிப் பலகையின் மேல் கிடந்தது. முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் கடைசி வாங்கில் பல நாள் வாங்கியிருக்கிறேன்.

கொ-மியூ-னி-கே-ஷன். 'ஷன்' வால். அதற்கு முன்னால் 'கே'க்குப் பெரிய அடி. சரியாக அங்கேதான் அறைந்திருந்தார்.

அது தற்செயலா என்று பார்த்துவிட வேண்டும். "நோ டிஸபிலிட்டி" என்றேன், வேண்டுமென்றே தலையில் பாரம் ஏற்றி.

டொக் டொக் டமார் டொக் டொக். டி-ஸ-பி-லி-ட்டி.

"நெஷனலிட்டி! பொப்பியூலேஷன்! எக்ஸாமினேஷன்!" எனக்குத் தெரிந்த நீளச் சொற்களை எல்லாம் கொலை செய்துகொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் கதிரைக் கைப்பிடி பதில் சொன்னது. ஒரு அசை கூடவில்லை, குறையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பிழை இங்கிலிஸ் ஒரு காரியத்துக்கு உதவியது.

தம்பி மட்டும் மெல்லிய குரலில், "ஹஸ்ரத், ஃபாத்திஹா ஓதின மாதிரித்தானே இதுவும்? வருசக்கணக்காத் தட்டின கை. கைக்குத் தெரியும், ஆளுக்குத் தெரியுமா?" என்றார்.

நியாயமான கேள்வி.

ஹஸ்ரத் தாடியைத் தடவினார். என்னைக் கூப்பிட்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் இருத்தினார். "நிக்காஹ்வில செல்ல வேண்டிய வசனத்த நான் துண்டு துண்டாச் செல்றன். நீங்க தட்டுங்க. அவர் சேர்ந்து வாறாரா பாப்பம்" என்றார்.

நான் கைப்பிடியில் தட்டினேன். இந்த முறை மாஸ்டர் கையை உதறவில்லை. மகளின் காரியம் என்று விளங்கியிருக்க வேண்டும். என் தட்டு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது; என் விரலைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினார்.

"என்-ட" என்றார் ஹஸ்ரத்.

டொக். டொக். மாஸ்டரின் வாய் திறந்தது. அந்தப் பாழாய்ப்போன சொல் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எ...ன்...ட."

"ம-க-ள."

"ம... க... ள."

கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். ஆனால் அவருடைய குரல். அவர் விழுந்த நாளுக்குப் பிறகு, அந்த ஒரு சொல்லையும் ஓதலையும் தவிர நாங்கள் கேட்ட முதல் வார்த்தை "என்ட மகள" என்பதுதான். திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் போகவில்லை.

ஹஸ்ரத் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே தாளத்தில், அதே குரலில் அடுத்த துண்டைச் சொன்னார்: "கட்-டார்-ல... இரிக்-கிற... இஞ்-சி-னி-ய-ருக்-கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹஸ்ரத் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டாரே என்று நான் வாயெடுக்கப் போனேன். அவர் என் தொடையில் ஒரு அழுத்து அழுத்தினார். அப்போதுதான் விளங்கியது, அது மறதி அல்ல.

மாஸ்டரின் கை தட்டவில்லை. பலகைக்கு மேலே நின்றுவிட்டது. பிறகு அந்தக் கை எழும்பி, ஹஸ்ரத்தின் ஜிப்பாக் கையைக் கொத்தாகப் பிடித்தது. ஒரு மௌலவியை அப்படிப் பிடித்து இழுத்ததை எங்கள் ஊரில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"இலெக்ட்ரிசிட்டி!" என்று கத்தினார் மாஸ்டர். "இலெக்ட்ரிசிட்டி! இலெக்ட்ரிசிட்டி!"

சொல் அதேதான். ஆனால் அந்தக் குரலில் மறுப்பு இருந்தது, கோபம் இருந்தது, வாக்குக் கொடுத்த மனிதரின் ரோஷம் இருந்தது. மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. தம்பியே பின்னுக்கு ஓர் அடி நகர்ந்தார்.

ஹஸ்ரத் தன் ஜிப்பாவை மெதுவாக விடுவித்துக்கொண்டார். முதல் தடவையாகச் சிரித்தார். "இவருக்கா வெளக்கம் இல்ல? எனக்கே ஏசிப்போட்டாரே. மகளக் கட்டிக் குடுக்கிற உரிமை இவருக்குத்தான்" என்றார்.

தம்பி போய்க் காக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கோங்க காக்கா. நீங்க இதுக்குள்ள இரிக்கீங்க எண்டு எனக்கு வெளங்கல்ல" என்று அழுதார். மாஸ்டர் அவர் தலையைத் தட்டிக்கொடுத்தார். ஓர் அறை அறைவார் என்று நான் எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நிக்காஹ் நாள் வரைக்கும் அந்த வீட்டில் டொக் டொக் சத்தம் ஓயவில்லை. மிஸ் வந்து வசனத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுத்தார். மகள் எதிரில் உட்கார்ந்து தட்டுவாள், வாப்பா தட்டிச் சொல்வார். சில நாள் வசனம் முழுவதும் வந்தது. சில நாள் முதல் துண்டிலேயே அந்தச் சொல் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. எப்போது வரும், எப்போது வராது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நிக்காஹ் அன்று வீட்டு முன்பந்தலில் சனம் நிறைந்திருந்தது. வரிப்பத்தான்சேனையில் இருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து, மாஸ்டரின் விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். இடக் கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல காரியத்துக்கு இடக் கையா என்று மெல்ல இழுத்தார். "அல்லாஹ் மிச்சம் வெச்ச கை அதுதான் காக்கா" என்றார் ஹஸ்ரத்.

ஹஸ்ரத் குத்பாப் பிரசங்கம் ஓதி முடித்து மாஸ்டரைப் பார்த்தார். பெட்டி தட்டத் தொடங்கியது.

"என்...ட... ம...க...ள..."

அடுத்து வர வேண்டியது மகளின் பெயர். கை நின்றது. மாஸ்டரின் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வியர்வை. என் பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "என்ன காக்கா, ஏலாதா?" என்று குசுகுசுத்தார். மாஸ்டரின் வாய் 'இ' என்ற வடிவத்துக்குப் போவதைப் பார்த்தேன். இவ்வளவு சனத்துக்கு முன்னால் அந்தச் சொல் வந்துவிட்டால் இந்த மனிதர் இனி வாழ்நாளில் வாய் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். ஏதாவது கோமாளித்தனம் செய்து சனத்தைத் திருப்பலாமா என்றுகூட நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பகிடிக்காரன் என்று பெயர் வாங்கிய நான் மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

உள்ளே, மணப்பெண் இருந்த அறைக் கதவிலிருந்து சத்தம் வந்தது.

டொக். டமார். டொக்.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நேரத்தில் பெண் வெளியே தெரிய மாட்டாள், குரலும் கேட்காது. மருதாணிக் கையும் வளையலுமாக, கதவுப் பலகையில் அவள் தன் சொந்தப் பெயரைத் தட்டினாள். வளையல் குலுங்கியதும் எங்களுக்குக் கேட்டது. மறுபடி தட்டினாள்.

மாஸ்டர் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார். பெட்டியில் தட்டினார். டொக். டமார். டொக். மகளின் பெயரைச் சொன்னார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, இடையில் எங்கும் நிற்காமல், "ஒங்...களுக்...கு... நிக்...காஹ்... செஞ்...சி... தந்...தன்" என்று முடித்தார்.

மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர் அழுதுகொண்டிருந்ததால் ஹஸ்ரத் இரண்டு தரம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அன்று அந்தப் பந்தலில் தடுமாறாமல் பேசிய ஒரே ஆள் மாஸ்டர்தான் என்று நான் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பிறகு சாப்பாடு. பலர் சேர்ந்து சாப்பிடுகிற ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோது கட்டார்த் தம்பி எனக்கு எதிரில் வந்து அமர்ந்தார். என் பக்கமிருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து, தனக்கு வைத்துக்கொள்ளாமல், பக்கத்தில் இருந்த புது மாப்பிள்ளையின் முன்னால் வைத்தார். என் பக்கத்துத் துண்டைத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்க நினைத்து, அன்று மட்டும் விட்டுவிட்டேன்.

மாஸ்டரிடம் இப்போது பத்து இருபது சொற்கள் சேர்ந்திருக்கின்றன. மற்றதெல்லாம் இன்னும் உள்ளேதான். முன்பெல்லாம், ஒருவர் எவ்வளவு கதைக்கிறாரோ அவ்வளவுதான் அவருக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; என்னைப் போல் ஓயாமல் கதைக்கிறவனுக்கு அது வசதியான நினைப்பு. இப்போது யாராவது என் முன்னால் வார்த்தை வராமல் திணறினால், அவருக்காக முந்திக்கொண்டு வசனத்தை முடித்துவைக்க எனக்கு வாய் வருவதில்லை. வாயை மூடிக்கொண்டு, அந்த மனிதர் வந்து சேரும் வரை காத்திருக்கிறேன்.